ஐந்து ஊசி போட்டும் சினை நிற்காத மாடு: வைப்பதா, விற்பதா?

சென்னிமலைக்காரன் | 28 ஜூன் 2024, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு மாடு ஒன்று, மூன்றாம் ஈத்து. டிசம்பர் 2 அன்று ஈன்றது, காளைக்கன்று. ஈன்ற புதிதில் இரண்டு வேளையும் சேர்த்து 16 லிட்டர் கறந்தது, இப்போது 7. இதுவரை ஐந்து சினை ஊசி (காளையின் விந்தைச் செலுத்துகிற ஊசி) போட்டாயிற்று, சினை நிற்கவில்லை. நேற்று காலை பருவத்துக்கு வந்து மறுபடி கத்தியது. வெறுத்துப்போய் ஊசிக்காரரைக் கூப்பிடவே இல்லை.

இன்று ஒரு தரகர் வீட்டுக்கே வந்து 32,000 கேட்டார். "இன்னும் ரெண்டு மாசம் வச்சிருந்தா இந்த விலைக்கும் ஆள் வராதுங்க" என்று ஒரு சொல்லையும் போட்டுவிட்டுப் போனார். இரண்டாம் ஈத்து, இளங்கன்றோடு, 13 லிட்டர் கறக்கிற மாடு வேண்டுமென்றால் 80,000 ஆகும் என்கிறார். கட்டுத்தறியில் இரண்டு மாட்டுக்குத்தான் இடம். இன்னொரு இடத்தில் ஒரு கிடேரி நிற்கிறது, இதே மாட்டின் இரண்டாம் ஈத்துக் கன்று.

நான் மில்லில் ஷிப்ட் வேலை. மாட்டைப் பார்ப்பது அம்மாதான். இதற்கு இதுவரை 40,000க்கு மேல் தீவனம் போட்டிருக்கிறோம், அதை நினைத்தால் விற்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

---

வாய்க்கால் மேடு | 28 ஜூன், இரவு 11.15

விற்றுவிடுங்கள் தம்பி. அஞ்சு ஊசிக்கு நிற்காத மாடு ஆறாவதுக்கு நிற்கப்போகிறதா? நான் ஒன்றைப் பதினொரு ஊசி வரைக்கும் வைத்துப் பார்த்தேன். கடைசியில் பாலும் இல்லை, கன்றும் இல்லை. வைக்கோல் போர் மட்டும் குறைந்தது.

---

கணக்கு நோட்டு | 29 ஜூன், காலை 6.20

முதலில் அந்த 40,000ஐ மறந்துவிடுங்கள். அது மாட்டுக்குள் போய் பாலாகவும் சாணமாகவும் வந்துவிட்டது. விற்றாலும் வராது, வைத்தாலும் வராது. கேள்வி இன்றைக்கு மேல் என்ன என்பது மட்டும்தான்.

இரண்டு தகவல் வேண்டும். பால் சங்கத்தில் லிட்டருக்கு உங்கள் கைக்கு என்ன வருகிறது? தினம் எவ்வளவு தீவனம்?

---

சென்னிமலைக்காரன் | 29 ஜூன், காலை 8.05

கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) பார்த்துச் சராசரி 36 ரூபாய். அடர்தீவனம் 4 கிலோ, கிலோ 32. பசுந்தீவனம் சொந்தத்தில் கோ-5 புல் போட்டிருக்கிறோம், சோளத்தட்டு மட்டும் விலைக்கு.

---

கணக்கு நோட்டு | 29 ஜூன், காலை 9.30

சொந்தத் தீவனமென்றாலும் அதற்கு விலை உண்டு, நாளைக்கு 55 என்று வைக்கிறேன். அடர்தீவனம் 128, தாது உப்பு, மற்றது 7. மொத்தம் 190. பால் 252. அம்மாவின் உழைப்பைச் சேர்க்காமல் நாளைக்கு 62 ரூபாய் மிச்சம். ஆக, இன்றைக்கு இந்த மாடு நட்டத்தில் இல்லை. "லாபம் வருகிறதே, எதற்கு விற்பது" என்று நிறையப் பேர் இங்கேயே நின்றுவிடுவார்கள். அது போதாது.

இந்த மாதம் ஒரு ஊசி நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். ஈன 280 நாள். முதல் 150 நாள் சராசரி 5 லிட்டர், தீவனத்தைக் கொஞ்சம் குறைத்தால் நாளைக்கு 30 மிஞ்சும், அது 4,500. மீதி 130 நாள் வற்றுக்காலம். இரண்டு மாதம் வற்றவிட்டால் போதும், ஆனால் இந்த மாடு அதற்கு முன்பே கறவையை நிறுத்திவிடும் போலிருக்கிறது. நாளைக்கு 110 வீதம் 14,300 கையிலிருந்து போகும். ஆக ஈனுவதற்குள் 9,800 நட்டம். ஆனால் ஈன்ற அன்று நான்காம் ஈத்து மாடு கன்றோடு 65,000 பெறும். இன்றைய 32,000ஐயும் 9,800ஐயும் கழித்தால் 23,200 மிச்சம்.

நிற்கவில்லை என்றால்? அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருந்ததில் பால் மிச்சம் ஆயிரம் ரூபாய் வரும், மாட்டு விலை ஒரு 1,500 இறங்கும், ஊசிக்கு ஒரு 250. ஒரு முறை முயல ஆகிற செலவு 750 ரூபாய்தான். ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலும் 23,200ல் ஐந்தில் ஒன்று 4,640. முயலலாம்.

வாய்க்கால் மேடு அண்ணா ஊசியை எண்ணுகிறார். எண்ண வேண்டியது ஊசியை அல்ல, கேனில் விழுகிற பாலை. மாடு கறக்கிற வரை அதன் காத்திருப்புச் செலவை அதுவே கட்டுகிறது. பால் நின்ற பிறகு நீங்கள் கட்ட வேண்டும்.

---

செம்மண் செல்லி | 29 ஜூன், மதியம் 1.10

விழுப்புரம் பக்கம், இரண்டு ஜெர்சி கலப்பு வைத்திருக்கிறேன். கணக்கெல்லாம் சரிதான் அண்ணா. ஆனால் 80,000க்கு வருகிற மாடு எது என்று யாருமே கேட்கவில்லையே.

சந்தைக்கு வருகிற கறவையில் முக்கால்வாசி யாரோ ஒருவர் கழித்த மாடு. நம்ம தம்பி மாதிரி அஞ்சு ஊசி போட்டுச் சலித்தவர், மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்ததைக் கண்டவர், உதைக்கிற மாட்டோடு மல்லுக்கட்டியவர், இவர்கள்தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நல்ல மாட்டை எவர் விற்பார்?

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். சந்தையில் ஒரு மாடு, மடி பானை மாதிரி, காம்பில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு வாரக் கன்று. துண்டுக்குள் விரலைப் பிடித்து என் வீட்டுக்காரர் விலையை முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து முதல் கறவை 8 லிட்டர், பாத்திரம் பொங்கியது. மறுநாள் காலை மூன்று. முதல்நாள் மாலையும் அன்று காலையும் கறக்காமல் மடியைக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். கன்றும் அதனுடையது இல்லை. கிட்டே விட்டால் முட்டித் தள்ளியது. அந்தக் கன்றைப் புட்டிப்பாலில் வளர்த்தோம், பாவம்.

உங்கள் மாட்டின் குற்றம் உங்களுக்குத் தெரியும். வாங்குகிற மாட்டின் குற்றம் தெரியாது. அதற்கும் கணக்கில் ஒரு விலை போடுங்கள்.

---

காங்கேயம் ரசிகன் | 29 ஜூன், மாலை 4.45

இதற்குத்தான் நாட்டுமாடு வளர்க்கச் சொல்கிறோம். காங்கேயத்துக்கு ஊசியும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். காளையைக் காட்டினால் ஒரே தடவையில் நிற்கும்.

---

வாய்க்கால் மேடு | 29 ஜூன், மாலை 5.20

நிற்கும் தம்பி, இரண்டு மூன்று லிட்டர் கறக்கும், அதையும் கன்று குடித்தது போக. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, பொங்கலுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடிக்கையில் அதன் அழகே தனி. சங்கத்துக்குப் பால் ஊற்றிக் கணக்குப் பார்க்கிறவரிடம் போய் இதைச் சொல்லாதீர்கள். வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன்.

---

ஓய்வுபெற்ற ஊசி | 29 ஜூன், இரவு 9.00

முப்பது வருடம் கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன். எல்லோரும் விற்பதா வைப்பதா என்கிறீர்கள், ஏன் நிற்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கணக்கு நோட்டு "ஐந்தில் ஒரு பங்கு" என்று போட்டாரே, அந்த எண் காரணத்தைப் பொறுத்து மாறும்.

சென்னிமலைத் தம்பி, மூன்று விஷயம் சொல்லுங்கள். ஐந்து ஊசியும் போட்ட தேதிகள். எப்போது கத்தியது, எப்போது ஊசி விழுந்தது. பிறப்புறுப்பிலிருந்து வழிகிற ஒழுக்கு கண்ணாடி மாதிரி இருந்ததா, கலங்கலாக இருந்ததா.

---

சென்னிமலைக்காரன் | 30 ஜூன், காலை 7.15

ஐயா, சுவரில் தொங்குகிற காலண்டரில் அம்மா வட்டம் போட்டு வைத்திருக்கிறார். பிப்ரவரி 20, மார்ச் 13, ஏப்ரல் 3, மே 16, ஜூன் 6. இப்போது 27ஆம் தேதி கத்தியது.

அம்மா பெரும்பாலும் விடிகாலையில் கவனிப்பார். நான் இரவு ஷிப்ட் முடிந்து வந்து போன் செய்தால் ஊசிக்காரர் அவருக்குத் தோதான நேரம் வருவார். சில தடவை அரை மணியில், ஒரு தடவை மறுநாள் மதியம். ஒழுக்கைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். "மொதல்ல கண்ணாடியாட்டந்தான் இருந்துச்சு, இந்த மூணு தடவையா அரிசி களஞ்ச தண்ணியாட்ட இருக்குது" என்றார்.

---

ஓய்வுபெற்ற ஊசி | 30 ஜூன், காலை 10.40

உங்கள் அம்மாவை நான் வேலைக்கு எடுத்திருப்பேன்.

தேதிகளைப் பாருங்கள். 22 நாள், 21 நாள், பிறகு 43, அப்புறம் 21, மறுபடி 21. சினைப்பருவம் ஒழுங்காகச் சுற்றுகிறது, சினைப்பை வேலை செய்கிறது. அந்த 43ல் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில் வந்த ஒரு பருவம் கண்ணில் படாமல் போயிருக்கும். 21 நாள் வீண். கோடையில் கலப்பு மாடு கத்தாமலே பருவத்துக்கு வந்து போகும், அதிலும் இரவில்.

பருவம் 12 முதல் 18 மணி நேரம் நிற்கும். காலையில் பார்த்தால் அன்று மாலை ஊசி, மாலையில் பார்த்தால் மறுநாள் காலை. அரை மணியில் வந்து போட்டதும் தப்பு, மறுநாள் மதியம் போட்டதும் தப்பு.

அரிசி களைந்த தண்ணீர் என்றால் கருப்பையில் சீழ் நோய்த்தொற்று இருக்கலாம். அந்த நிலையில் எத்தனை ஊசி போட்டாலும் காசுக்குக் கேடு. டாக்டரைக் கூப்பிட்டுக் கருப்பையைச் சோதித்து மருந்து போடுங்கள். இந்தச் சுற்றில் ஊசி போடாமல் விட்டது நல்லதாயிற்று. அடுத்தது ஜூலை 18 சுமாருக்கு வரும். ஒழுக்கு கண்ணாடியாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

சிலர் முள்ளங்கி, கற்றாழை, முருங்கைக்கீரை, பிரண்டை, மஞ்சளோடு கறிவேப்பிலை என்று ஒன்று மாற்றி ஒன்று 21 நாள் வைத்தியம் செய்கிறார்கள். செய்யட்டும், செலவு அதிகம் இல்லை. சோதனையை மட்டும் தவிர்க்காதீர்கள்.

---

கணக்கு நோட்டு | 30 ஜூன், மதியம் 12.30

செல்லி அக்கா சொன்னதை வைத்து 80,000 மாட்டையும் போட்டுப் பார்த்தேன். ஏமாற்றமே இல்லாத, சொன்ன பால் கறக்கிற மாடு என்றே வைத்துக்கொள்வோம். 280 நாளில் சராசரி 10 லிட்டர், 360 ரூபாய். தீவனம் 250. மிச்சம் 110, மொத்தம் 30,800. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 280ஆம் நாள் அதே மாடு சினையோடு நின்றால் 50,000 பெறும். முப்பதாயிரம் விலையிலேயே இறங்கிவிட்டது. மேற்கொண்டு போட்ட 48,000க்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி, ஒன்பது மாதத்துக்கு 4,320. கூட்டிக் கழித்தால் 3,500 நட்டம். சினை நிற்காமல் போனால் அது இன்றைக்கு உங்கள் மாடு நிற்கிற இடத்தில் நிற்கும், 32,000.

பால் காசு பத்து நாளைக்கு ஒரு தடவை கைக்கு வருகிறது, அதனால் தெரிகிறது. விலை இறக்கம் விற்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

---

வாய்க்கால் மேடு | 30 ஜூன், மாலை 6.50

அதெப்படி தம்பி, விற்றால்தானே இறக்கம்? வைத்திருந்தால் மறுபடி ஈனும், மறுபடி ஏறும்.

---

கணக்கு நோட்டு | 30 ஜூன், இரவு 8.10

ஏறும், ஒவ்வொரு ஈத்துக்கும் கொஞ்சம் குறைவாக. நான்காவது, ஐந்தாவது வரை பால் தாக்குப்பிடிக்கும், அதற்குப் பிறகு பல்லைப் பார்க்கிறவன் விலையைக் குறைப்பான். நீங்கள் சொல்வதில் ஒன்று உண்மை: ஒரு மாட்டை வாங்கி நாலு ஈத்து எடுப்பவருக்கு அந்த 30,000 நாலாகப் பிரிந்துவிடும். ஈத்துக்கு ஒரு மாடு மாற்றுகிறவர் ஒவ்வொரு தடவையும் முழுசாகக் கட்டுகிறார். கறவையாக வாங்கி வற்றியதும் விற்பவர் தரகருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். எங்கள் ஊரில் ஒருவர் நேர்மாறாகச் செய்கிறார், ஏழு மாதச் சினையை வாங்கி ஈன்றதும் விற்றுவிடுவார். மாடி வீடு கட்டிவிட்டார்.

---

பழைய பட்டி | 30 ஜூன், இரவு 10.00

மாற்றுச் செலவு என்பது புது மாட்டு விலை மட்டும் இல்லை, புதுசுக்கும் பழசுக்கும் உள்ள இடைவெளி. 2017 மே மாதம் சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது நினைவிருக்கிறதா? ஒரே வாரத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிக்கு இடைக்காலத் தடை விதித்தது, அப்புறம் சுப்ரீம் கோர்ட்டும் அதை நீட்டித்தது. விதி நிறுத்தப்பட்ட பிறகும் கொஞ்ச நாள் வியாபாரிகள் பயந்துகொண்டு வரவில்லை. என்னிடம் மூன்று வற்று மாடு நின்றது, கேட்க ஆள் இல்லை. கறவை விலை மாறவில்லை, ஆனால் மாடு மாற்றுகிற செலவு எனக்கு அப்படியே ஏறிவிட்டது. வற்று மாட்டை யார் வாங்குகிறார்கள் என்று பேச நமக்கெல்லாம் கூச்சம். அந்த விலை இல்லையென்றால் நம் பால் கணக்கு நிற்காது.

---

செம்மண் செல்லி | 1 ஜூலை, காலை 6.00

தம்பி, அந்தக் கிடேரியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதன் எடை என்ன?

---

சென்னிமலைக்காரன் | 1 ஜூலை, இரவு 9.30

தையல் டேப்பால் அளந்தேன். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று 56 அங்குலம். தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரை நீளம் 48. இரண்டு பேர் பிடித்தும் டேப்பைத் தின்னப் பார்த்தது.

---

ஓய்வுபெற்ற ஊசி | 1 ஜூலை, இரவு 10.15

சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுங்கள். 228 கிலோ வருகிறது. எச்.எஃப். கலப்புக்கு 250 தாண்டியதும் ஊசி போடலாம். தினம் அரை கிலோ ஏறினாலும் ஆகஸ்ட் பாதியில் தயார். வயதைப் பார்த்துப் போடாதீர்கள், எடையைப் பார்த்துப் போடுங்கள். நோஞ்சான் கிடேரி ஈனும்போது கன்றையும் தாயையும் சேர்த்து இழந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெண்கன்று ஊசி போடுவதானால் கிடேரிக்குப் போடுங்கள். பத்தில் ஒன்பது பெண்ணாக வரும், ஆனால் சாதாரண ஊசியைவிடச் சினை பிடிப்பது குறைவு. அதை இந்த ஐந்து ஊசி மாட்டில் போய்ப் போடாதீர்கள்.

---

சென்னிமலைக்காரன் | 19 ஜூலை, இரவு 11.00

டாக்டர் வந்து பார்த்தார், ஐயா சொன்னதேதான், கருப்பையில் தொற்று. மூன்று நாள் மருந்து. நேற்று விடிகாலை நான்கு மணிக்குக் கத்தியது, ஒழுக்கு கண்ணாடி. மாலை ஐந்தரைக்கு ஊசி போட்டாயிற்று. பால் இப்போது 6. தரகருக்கு ஒரு மாதம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

---

சென்னிமலைக்காரன் | 10 ஆகஸ்ட், காலை 7.00

21 நாள் தாண்டி இரண்டு நாள் ஆகிறது. கத்தவில்லை! அம்மா இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தார். பால் ஐந்தேகால்.

---

ஓய்வுபெற்ற ஊசி | 10 ஆகஸ்ட், காலை 8.20

மகிழ்ச்சி, ஆனால் ஸ்கேன் வசதி பக்கத்தில் இருந்தால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், முப்பது நாளுக்கு மேல் தெரியும். இல்லையென்றால் 60 நாளில் டாக்டர் கையை உள்ளே விட்டுச் சோதித்துப் பார்க்கலாம். கத்தாததெல்லாம் சினை இல்லை.

---

சென்னிமலைக்காரன் | 7 செப்டம்பர், இரவு 10.20

ஐயா சொன்னது பலித்துவிட்டது. ஸ்கேனுக்கு அலைய முடியவில்லை. ஆகஸ்ட் 29 அதிகாலை கத்திய கத்தலில் தெருவே எழுந்துவிட்டது. பால் நாலரைக்கு வந்துவிட்டது. ஈரோடு கருங்கல்பாளையம் வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிப்போய் 24,500க்குக் கொடுத்துவிட்டோம். வேனும் தரகும் 900.

வாங்குகிறவரிடம் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், ஆறு ஊசி, தொற்று, எல்லாம். தரகர் என்னை முறைத்தார். அதில் ஒரு ஆயிரம் போயிருக்கும்.

---

கணக்கு நோட்டு | 8 செப்டம்பர், காலை 6.45

என் கணக்கில் தப்பு இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு சுற்றுக்கு 1,500 இறங்கும் என்று போட்டேன். ஐந்து லிட்டருக்குக் கீழே போனதும் சந்தை அதைக் கறவையாகப் பார்ப்பதை விட்டுவிடுகிறது, விலை படியிறங்குவதில்லை, விழுகிறது.

விலையில் 7,500, வேன் தரகு 900, டாக்டர் மருந்து ஊசி ஒரு 1,600 இருக்குமா? மொத்தம் 10,000. இந்த 68 நாள் பால் மிச்சம் 2,850 போக 7,150 நட்டம். இதே எண்களை ஜூன் மாதமே போட்டிருந்தால், ஐந்தில் ஒரு வாய்ப்பு என்றால் ஆயிரம் ரூபாய் நட்டப் பந்தயம். மூன்றில் ஒன்று என்றால் மூவாயிரம் லாபப் பந்தயம். டாக்டர் ஐயா, மருந்து போட்ட பிறகு எந்த எண் சரி?

---

ஓய்வுபெற்ற ஊசி | 8 செப்டம்பர், காலை 9.00

நல்ல மாட்டிலேயே பத்து ஊசிக்கு நாலு நின்றால் நான் சந்தோஷப்படுவேன். இந்த மாட்டுக்கு மூன்றில் ஒன்று என்று நினைத்துத்தான் சொன்னேன். மே மாதமே யாராவது ஒழுக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் 9 லிட்டர் கறக்கும்போதே வைத்தியம் முடிந்திருக்கும். அப்போது இன்னும் மூன்று தடவை முயல நேரம் இருந்தது.

---

வாய்க்கால் மேடு | 8 செப்டம்பர், காலை 11.30

நான் ஜூன் மாதமே சொன்னேன்! சரி விடுங்கள், காரணம் தெரியாமல்தான் சொன்னேன். அடுத்தது என்ன வாங்குகிறீர்கள்?

---

சென்னிமலைக்காரன் | 14 செப்டம்பர், இரவு 9.15

சந்தையில் வாங்கவில்லை. செல்லி அக்கா சொன்னது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஊரில் ஒருவர் மகள் கல்யாணச் செலவுக்காகத் தலையீத்துச் சினைக் கிடேரியை விற்கிறார் என்று தெரிந்தது. கையால் சோதித்து ஆறு மாதம் என்று டாக்டர் சொன்னார். தாய் மாடு அதே தொழுவத்தில் நிற்கிறது, அதன் கறவையை நேரில் இருந்து பார்த்தேன், காலையில் ஆறரை லிட்டர். 55,000க்கு முடித்தோம். மூன்று மாதம் பால் இல்லாமல் தீவனம் போட வேண்டும். நம் கிடேரி 252 கிலோ வந்துவிட்டது, அடுத்த பருவத்துக்குப் பெண்கன்று ஊசி.

---

செம்மண் செல்லி | 14 செப்டம்பர், இரவு 9.40

கல்யாணத்துக்கு விற்கிற மாடு, படிப்புக்கு விற்கிற மாடு, பார்க்க ஆள் இல்லாமல் விற்கிற மாடு. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், கண்ணைத் திறந்துகொண்டு மடியை மட்டும் பாருங்கள். பழைய மாட்டுக் கயிற்றைக் கொடுத்துவிட்டீர்களா?

---

சென்னிமலைக்காரன் | 14 செப்டம்பர், இரவு 10.05

இல்லை அக்கா. சந்தையில் வாங்கியவர் புதுக்கயிறு போட்டதும் அம்மா பழசை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். புது மாட்டுக்காரரும் அவர் கயிற்றைத் தரவில்லை. வருகிற வழியில் சென்னிமலையில் நிறுத்தி நைலான் கயிறு ஒன்று வாங்கினோம், 60 ரூபாய். கணக்கு நோட்டு அண்ணா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.